கடற்கரையும் காமிராவும்

பேரரசுகளுக்கு வரலாறு உண்டு. போர்களுக்கு வரலாறு உண்டு. பொழுதுபோக்குகளுக்கும் வரலாறு உண்டு என்பதை மட்டும் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் குடும்பத்தோடு ஜூஹுக்கோ கிர்காம் சௌபாத்திக்கோ செல்கிறோம். அலையில் கால் நனைக்கும் குழந்தையைச் சிறிய டிஜிட்டல் காமிராவினால் படம் பிடிக்கிறோம். பிடித்த படத்தை அந்த மணலிலேயே நின்று பார்த்து மகிழ்கிறோம். இதைவிடச் சாதாரணமான செயல் வேறொன்று இல்லை என்று தோன்றும். ஆயினும் இந்தச் சாதாரணம் மனிதனுக்கு எளிதிற் கிட்டியதன்று. ஏறத்தாழ 180 ஆண்டுகளாக வேதியியல் வல்லுநரும், பொறியாளரும், தொழிலாளரும் உழைத்த உழைப்பு அந்தச் சிறு பொத்தானுக்குள் அடங்கியிருக்கிறது.

அந்த வரலாற்றைச் சுருக்கமாக நினைவு கூர்வது இக்கட்டுரையின் முதல் நோக்கம். அவ்வரலாறு நம்மைப் போன்ற புலம் பெயர்ந்த குடும்பங்களிடம் கேட்கும் கடமை ஒன்றுண்டு. அதனை எடுத்துரைப்பது இரண்டாவது நோக்கம்.

கூடாரம் சுமந்த காலம்

1839ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் டாகேர் என்பவரின் நிழற்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே கல்கத்தாவில் அம்முறைக்குரிய காமிராக்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. புதுமையை வரவேற்பதில் நம் நாட்டு நகரங்கள் அன்றே பின்தங்கியிருக்கவில்லை. ஆனால் டாகேர் முறையில் ஒரு படத்துக்கு ஒரு பிரதிதான். வெள்ளி பூசிய செப்புத் தகடே படம். அதிலிருந்து மற்றொரு படி எடுக்க வழியில்லை.

1851இல் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் ஈரக் கண்ணாடித் தகட்டு முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பிசுபிசுத்த திரவத்தைப் பூசவேண்டும். அதனை இருட்டில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்க்கவேண்டும். ஈரம் உலருமுன் காமிராவில் வைத்துப் படம் எடுக்கவேண்டும். எடுத்த உடனே அதனைக் கழுவித் துலக்கவேண்டும். இவ்வளவும் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் முடிந்தாக வேண்டும். ஆகவே வெளியே படம் எடுக்கச் செல்பவர் தம்முடன் ஓர் இருட்டுக் கூடாரத்தையே சுமந்து செல்ல நேர்ந்தது. நம் நாட்டு வெயிலில் ஈரம் இன்னும் விரைந்து உலர்ந்தது. தண்ணீர் தேடுவதே பெரும்பாடாயிற்று.

1863இல் இந்தியாவுக்கு வந்த சாமுவேல் போர்ன், இமயமலையைப் படம் பிடிக்கப் பலமுறை பயணம் மேற்கொண்டார். கண்ணாடித் தகடுகள், மருந்துப் பெட்டிகள், கூடாரம் ஆகியவற்றைச் சுமந்து வரிசையாக மலையேறியவர்கள் நம் நாட்டுக் கூலியாட்கள். அவர்களுடைய பெயர்கள் எந்தப் படத்தின் அடியிலும் எழுதப்படவில்லை. போர்ன் எடுத்த படங்களைப் புகழ்கின்ற நாம் அந்தத் தோள்களையும் ஒருமுறை நினைத்துப் பார்ப்பது முறையாகும்.

தமிழகத்துக்கும் இந்தக் காலத்தில் ஒரு சிறந்த பங்கு உண்டு. சென்னை இராசதானியின் அரசாங்க நிழற்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி, 1858ஆம் ஆண்டில் தஞ்சை, மதுரை, திருவரங்கம் முதலிய ஊர்களைப் படம் பிடித்தார். வெப்பத்தை எண்ணி அவர் பெரும்பாலும் மெழுகிட்ட காகிதத்தைக் கையாண்டார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றிச் செல்லும் கல்வெட்டை அவர் 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடிக்கு மேற்பட்ட ஒரே நீள்படமாக ஆக்கியிருக்கிறார். ஆனால் நெடுநேரம் ஒளி பாய்ச்ச வேண்டியிருந்தமையால் அவருடைய தெருக்கள் பெரும்பாலும் ஆளற்றுக் கிடக்கின்றன. நடந்துசென்ற மனிதரைப் பிடிக்கும் வேகம் அன்றைய காகிதத்துக்கு இல்லை. செலவு மிகுதி என்று கருதிய அரசாங்கம் 1860இல் அப்பதவியையே நீக்கிவிட்டது.

நடக்கும் மனிதனே படத்தில் நில்லாத காலத்தில் அலை எங்ஙனம் நிற்கும்? கடல் அன்றைய காமிராவுக்குப் பெரும் சோதனையாக இருந்தது. அலை ஓய்வதில்லை என்பது ஒரு தொல்லை. மற்றொரு தொல்லை, அக்காலத் தகடுகள் நீல ஒளியை மட்டும் மிகுதியாக உறிஞ்சியமை. கடலுக்கு ஏற்ப ஒளி பாய்ச்சினால் வானம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வானத்துக்கு ஏற்பப் பாய்ச்சினால் கடல் கருத்துவிடும். 1856, 1857ஆம் ஆண்டுகளில் பிரான்ஸ் நாட்டு நிழற்படக்காரர் கஸ்தாவ் லெ கிரே இதற்கு ஓர் உபாயம் கண்டார். கடலுக்கு ஒரு தகடு, மேகத்துக்கு ஒரு தகடு என்று தனித்தனியே எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். பொங்கும் அலையும் திரண்ட மேகமும் ஒருங்கே நிற்கும் அந்தப் படங்கள் ஐரோப்பாவை வியப்பில் ஆழ்த்தின. இன்று நம் கைப்பேசி, ஒரு நொடிக்குள் பல படங்களை எடுத்து, வானத்தை ஒன்றிலிருந்தும் நிலத்தை மற்றொன்றிலிருந்தும் கொண்டு, தானே இணைத்துத் தருகிறதே, அதுவும் லெ கிரே கண்ட அதே உபாயந்தான். கருவி புதிது, கருத்து பழையது.

எவர் கையில் காமிரா?

சுமை ஒரு தடை எனின், அதனினும் பெரிய தடை மற்றொன்று இருந்தது. காமிரா எவர் கையில் இருந்தது, அதன் முன் எவர் நின்றனர் என்பதே அது.

பம்பாய் நிழற்படச் சங்கம் 1854ஆம் ஆண்டு அக்டோபரில் தோன்றியது. சென்னையிலும் கல்கத்தாவிலும் 1856இல் இத்தகைய சங்கங்கள் எழுந்தன. பம்பாய்ச் சங்கத்தில் புகழ்பெற்ற மருத்துவரும் அறிஞருமான டாக்டர் பாவு தாஜியும், அவருடைய இளவல் டாக்டர் நாராயண் தாஜியும் உறுப்பினராயிருந்தனர். நாராயண் தாஜி தாமே சிறந்த நிழற்படக்காரர். எல்பின்ஸ்டன் கல்வி நிலையத்தில் 1855இல் நிழற்பட வகுப்பும் தொடங்கப்பட்டது. அவ்வகுப்பில் பயின்ற ஹரிசந்திர சிந்தாமணி பின்னர் பம்பாயில் சொந்த நிலையம் நடத்தினார். இந்தியர் இக்கலையைத் தொடக்கத்திலேயே கற்றுத் தேர்ந்தனர் என்பதற்கு இவை சான்று.

எனினும் கல்கத்தாவில் நடந்த நிகழ்ச்சி வேறொரு பாடத்தைக் கற்பிக்கிறது. அங்கே சங்கத்தின் தொண்டராக விளங்கிய வங்க அறிஞர் இராஜேந்திரலால் மித்ரா, அவுரித் தோட்ட வெள்ளை முதலாளிகளின் போக்கைப் பொதுமேடையில் கண்டித்துப் பேசினார். அந்தக் குற்றத்துக்காக 1857இல் அவர் சங்கத்தினின்று நீக்கப்பட்டார். படம் பிடிக்கும் கலைக்கும் அவுரித் தோட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று நாம் கேட்கலாம். ஆளுவோரின் சங்கத்தில் ஆளப்படுவோர் தாமாக வாய் திறக்கலாகாது என்பதே தொடர்பு.

1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக ‘இந்திய மக்கள்’ என்னும் ஆங்கில நூலை அன்றைய அரசாங்கம் வெளியிட்டது. அதில் நம் மக்கள் சாதிவாரியாகவும் குலவாரியாகவும் நிறுத்தப்பட்டிருக்கின்றனர். அவர்கள் முகத்தில் சிரிப்பு இல்லை. அவர்கள் பார்க்கப்படுவோர், பார்ப்போர் அல்லர். காமிராவின் முன் நிற்பதா வேண்டாவா என்று முடிவு செய்யும் உரிமையும், தம் படத்தின் கீழ் என்ன எழுதப்படவேண்டும் என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கு இருக்கவில்லை.

ஆதலின் ஒரு சாதாரணக் குடும்பம் தன் குழந்தையைத் தன் விருப்பப்படி, தான் விரும்பிய கடற்கரையில், தன் கையாலேயே படம் பிடிப்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. அது ஓர் உரிமை. அந்த உரிமை மெல்ல மெல்லத்தான் நம்மை வந்தடைந்தது. இடைக்காலத்தில் வசதியுள்ள குடும்பங்கள் படநிலையங்களுக்குச் சென்றன. அங்கே கடலும் மாளிகையும் திரைச்சீலையில் தீட்டப்பட்டிருக்கும். தந்தை நாற்காலியில் அமர்ந்திருப்பார். தாய் பக்கத்தில் நிற்பார். குழந்தைகள் அசையாமல் விறைத்து நிற்பார்கள். உண்மைக் கடலின் முன் உண்மைச் சிரிப்போடு நிற்க இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

பன்னிரண்டு படங்களின் காலம்

1888இல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் தம் கோடக் காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்குரிய சுருள் இருக்கும். எடுத்து முடித்ததும் காமிராவோடு தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். அவர்கள் படங்களை அச்சிட்டுப் புதிய சுருளையும் இட்டு அனுப்புவார்கள். வேதியியல் அறியாதவரும் படம் எடுக்கலாம் என்னும் நிலை அன்று பிறந்தது. 1900இல் அந்நிறுவனம் ஒரே டாலர் விலையில் பிரௌனி என்னும் பெட்டிக் காமிராவை வெளியிட்டது. குழந்தைகளை மனத்திற்கொண்டு செய்யப்பட்ட அக்கருவி, காமிராவைச் செல்வரின் கையிலிருந்து எளியவரின் கைக்கு மாற்றியது.

கடற்கரையில் விளையாட்டாகப் படம் பிடிப்பதற்கு வழிகாட்டியவருள் இலண்டனில் வாழ்ந்த பால் மார்ட்டின் குறிப்பிடத்தக்கவர். 1892இல் அவர் பெட்டி போல் தோன்றும் காமிரா ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு, யார்மவுத் என்னும் கடற்கரையூருக்கு விடுமுறைக்கு வந்த சாதாரண மக்களைப் படம் பிடித்தார். மணலில் அமர்ந்து பேசுவோரும், அலையில் விளையாடுவோரும் அவர் படங்களில் இயல்பாக இருக்கின்றனர். நிறுத்தி வைக்கப்பட்ட மனிதர் மறைந்து, வாழ்கின்ற மனிதர் படத்தினுள் வந்துவிட்டனர்.

நம் நாட்டில் இவ்வசதி பரவலானது நாடு விடுதலை பெற்ற பின்னரே. பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் காமிராவை நம்முள் மூத்தோர் பலர் நன்கறிவர். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள், அவ்வளவே. பிலிம் வெளிநாட்டிலிருந்து வந்த காலத்தில் அதன் விலையும் தட்டுப்பாடும் குடும்பத் தலைவரைப் பலமுறை யோசிக்க வைத்தன. அந்நிலையை மாற்றும் பொருட்டு 1960இல் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசாங்க நிறுவனம் அமைக்கப்பட்டு, 1967இல் உற்பத்தி தொடங்கிற்று. தூசி குறைந்த குளிர்மலையில் தமிழ்த் தொழிலாளர் செய்த பிலிம், நாடெங்கும் சென்றது. மருத்துவமனைகளின் எக்ஸ்ரே அறைகளையும் அடைந்தது.

பன்னிரண்டே படங்கள் என்னும் கட்டுப்பாடு சிக்கனத்தோடு ஒரு கவனத்தையும் கற்பித்தது. எடுப்பவர் வெயிலின் திசையைப் பார்ப்பார். எல்லாரையும் நெருங்கி நிற்கச் சொல்வார். மூச்சையடக்கிப் பொத்தானை அழுத்துவார். பின்னர்ச் சுருள் முடியும் வரையில் காத்திருக்க வேண்டும். கடையில் கொடுத்துக் கழுவி வரும் வரையிலும் காத்திருக்க வேண்டும். கண் மூடியவர் மூடியவர்தாம். தலை வெட்டுண்டவர் வெட்டுண்டவர்தாம். எனினும் அந்தப் பன்னிரண்டில் தேறிய ஒன்றிரண்டு, கடித உறையினுள் ஊருக்குச் சென்றது. மாட்டுங்காவிலும், சயானிலும், தாராவியிலும், செம்பூரிலும் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகளைத் திருநெல்வேலியிலும் தஞ்சையிலும் இருந்த பாட்டிமார் முதன்முதலாகக் கண்டது இத்தகைய சிறு சதுரங்களில்தாம்.

இக்காலத்துத் தமிழருள் ஒருவரை இங்கே பெருமையோடு குறிப்பிடவேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் இளைய மகனான மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடிப்பதில் இணையற்றவர். பல காமிராக்களின் உறுப்புகளைக் கொண்டு தாமே ஒரு கருவியை இணைத்து அமைத்துக்கொண்டார். விலை உயர்ந்த கருவியைக் காட்டிலும் பொறுமையும், பார்க்கும் பொருளின் மீதுள்ள அன்புமே நல்ல படத்தைத் தருகின்றன என்பதற்கு அவர் வாழ்க்கை எடுத்துக்காட்டு. பம்பாயில் பயின்று, இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை நிழற்படக்காரராகப் பெயர் பெற்ற ஹோமாய் வியாரவல்லாவும் (1913–2012) நம் பெண்மக்கள் நினைவில் இருத்தத் தக்கவர்.

எண்ணாக மாறிய ஒளி

டிஜிட்டல் காமிராவின் கதை, பலரும் எண்ணுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1957இல் அமெரிக்க அரசாங்க ஆய்வகம் ஒன்றில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர், தம் கைக்குழந்தையின் படம் ஒன்றைக் கணிப்பொறிக்குள் எண்களாகச் செலுத்தினார். பக்கத்துக்கு 176 புள்ளிகள் கொண்ட சிறு சதுரம் அது. கணிப்பொறியினுள் நுழைந்த முதல் நிழற்படமே ஒரு தந்தை தம் மகவை எடுத்த படம் என்பது நெஞ்சை நெகிழ்விக்கும் செய்தியன்றோ!

1969இல் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் ஒளியை மின்னூட்டமாக மாற்றிச் சேர்க்கும் சில்லைக் கண்டுபிடித்தனர். அதற்காக 2009இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அதன் செயலை எளிதாக விளக்கலாம். முற்றம் நிறைய வரிசை வரிசையாகக் குடங்களை வைத்து மழைநீரைப் பிடிப்பதாகக் கொள்வோம். மழை நின்றதும் ஒவ்வொரு குடத்திலும் எவ்வளவு நீர் என்று அளந்து ஏட்டில் எழுதினால், எங்கே எவ்வளவு மழை பெய்தது என்பதற்கு ஒரு படம் கிடைத்துவிடும். அந்தச் சில்லிலுள்ள கண்ணுக்குப் புலப்படாத குழிகளே குடங்கள், ஒளியே மழை, எழுதப்படும் எண்களே படம். குழிகளின்மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் வடிகட்டிகளை அமைத்து நிறத்தைப் பெறும் முறையை பிரைஸ் பேயர் என்பவர் வகுத்தார். 1976இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. மனிதக் கண் பச்சையை நுட்பமாக உணர்வதால், பச்சை வடிகட்டிகளை அவர் இரு மடங்காக வைத்தார்.

1975இல் கோடக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் காமிராவை அமைத்தார். அதன் எடை ஏறத்தாழ 3.6 கிலோ. படத்தின் நுட்பம் 10,000 புள்ளிகள். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிய 23 நொடிகள் ஆயின. 1995இல் ஜப்பானின் கேசியோ நிறுவனம் முதுகில் சிறு திரை பொருத்திய காமிராவைப் பொதுமக்களுக்கு விற்றது. எடுத்த படத்தை எடுத்த இடத்திலேயே பார்க்கும் பழக்கம் அதனால் பரவிற்று. 2000இல் ஜப்பானில் காமிரா பொருத்திய கைப்பேசி வெளிவந்து, படத்தை அப்பொழுதே பிறருக்கு அனுப்பவும் வழி செய்தது.

ஒரு கதவு திறக்கும்போது மற்றொன்று மூடுகிறது. டிஜிட்டல் காமிராவைத் தன் வீட்டிலேயே பெற்றெடுத்த கோடக் நிறுவனம், 2012ஆம் ஆண்டு ஜனவரியில் திவால் பாதுகாப்பை நாடியது. கல்கத்தாவில் சாமுவேல் போர்ன் பெயரால் விளங்கிய பழம்பெரும் படநிலையம் 2016இல் மூடப்பட்டது. உதகையின் பிலிம் தொழிற்சாலையும் ஓய்ந்துவிட்டது. அங்கே உழைத்த குடும்பங்களுக்கு இந்த மாற்றம் விளையாட்டாக இருக்கவில்லை. புதுமையை அனுபவிக்கும் நாம் அதன் விலையைச் செலுத்தியவர் எவர் என்பதையும் அறிந்திருத்தல் நன்று. மாற்றத்தோடு தாமும் மாறியவர்களும் உண்டு. கேட்வே ஆஃப் இந்தியாவின் முன் நின்று பயணிகளைப் படம் எடுக்கும் தொழிலாளர், ஒரு காலத்தில் முகவரி எழுதி வாங்கிக்கொண்டு அஞ்சலில் படம் அனுப்பினர். இந்நாளில் சிறு அச்சுப்பொறியைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே அச்சிட்டுத் தருகின்றனர்.

கடற்கரையில் கவனிக்க வேண்டுவன

சென்னை மெரினாவில் கதிரவன் கடலிலிருந்து எழுகிறான். மும்பை மெரீன் டிரைவில் கடலில் மறைகிறான். கிழக்குக் கரையில் வளர்ந்து மேற்குக் கரையில் குடியேறிய நமக்குக் காலை இருந்த இடத்தில் மாலை வந்து நிற்கிறது. எனவே இங்கே நல்ல படத்துக்குரிய பொழுது, கதிரவன் மறைவதற்கு முன்னும் பின்னும் உள்ள ஒரு மணி நேரமாகும். கதிரவன் முதுகுப்புறம் இருக்க நிற்பவர்களின் முகம் படத்தில் இருண்டுவிடும். இருள் வடிவமே அழகென்று எண்ணினால் அப்படியே விடலாம். முகம் வேண்டுமாயின் பகலாயினும் காமிராவின் மின்னொளியை இட்டுக்கொள்ள வேண்டும்.

வெண்மணலும் நுரையும் காமிராவை ஏமாற்றும். எதிரே உள்ள காட்சி நடுத்தர ஒளியுடையது என்றே காமிரா கருதிக்கொள்கிறது. ஆகவே வெண்மையைக் குறைத்துச் சாம்பலாக்கிவிடுகிறது. ஒளியளவை ஒரு படி கூட்டி வைத்தால் மணல் மீண்டும் வெண்மையாகும். தொடுவானம் சாய்ந்தால் கடலே வழிந்தோடுவதுபோல் தோன்றும். அதனை மட்டமாக வைத்தல் வேண்டும். உப்புக்காற்று கருவிக்குப் பகை. வீடு திரும்பியதும் சற்றே ஈரமான மெல்லிய துணியால் துடைத்து, பின்னர் உலர்ந்த துணியால் துடைப்பது நலம். ஈரப்பதம் மிகுந்த மழைக்காலத்தில் வில்லைகளில் பூஞ்சை படரும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடிய பெட்டியில் வைத்தால் அத்தொல்லை குறையும்.

இவற்றினும் முதன்மையான இரண்டைச் சொல்லவேண்டும். முதலாவது உயிர்ப் பாதுகாப்பு. 2016ஆம் ஆண்டு ஜனவரியில் பாந்திராக் கடற்பாறையில் தம்மைத் தாமே படம் எடுத்துக்கொண்டிருந்த இளம்பெண்கள் கடலில் விழுந்தனர். ஒருத்தி மாண்டாள்; காப்பாற்றப் பாய்ந்தவரும் மாண்டார். அதன்பின் நகரின் பல இடங்களில் இவ்வாறு படம் எடுத்தல் தடை செய்யப்பட்டது. மழைக்காலத்தில் இந்நகரின் கடல் நாலரை மீட்டருக்கு மேலும் ஏறும் நாட்கள் உண்டு. ஏற்ற நேரத்தை அறிந்து செல்வதும், பாறையை விட்டு விலகி நிற்பதும், படம் எடுப்பவர் கடலுக்கு முதுகு காட்டாதிருப்பதும் கடமை.

இரண்டாவது பிறரை மதித்தல். வெர்சோவாவிலும் வொர்லியிலும் கோலி மக்கள் வலை உலர்த்துவதையும் மீன் தரம் பிரிப்பதையும் கண்டால் கை தானே காமிராவை நாடும். அவர்கள் நமக்குக் காட்சிப் பொருள்கள் அல்லர். தம் வேலையில் ஈடுபட்டிருக்கும் மனிதர்கள். ஒரு சொல் கேட்டு, சம்மதம் பெற்று எடுப்பதும், எடுத்ததை அவர்களுக்கும் காட்டுவதும் பண்பாடு. கேளாமல் எடுத்துச் செல்வோமாயின், நம் முன்னோரை வரிசையில் நிறுத்திய அந்த எட்டுத் தொகுதி நூலின் ஒன்பதாவது தொகுதியை நாமே எழுதியவராவோம்.

விளையாட்டுப் படம், வரலாற்றுச் சான்று

விளையாட்டாக எடுத்த படம் எப்பொழுது வரலாறாக மாறும் என்று எடுத்தவர் அறியார். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதற்கு முன் அங்கே சென்றவர்கள் துறைமுகத்தின் முன்னோ, இரயில் நிலையத்தின் முன்னோ நின்று எடுத்துக்கொண்ட படம் ஏதேனும் ஒரு வீட்டில் இருக்குமாயின், அப்படத்தில் அவர்களுக்குப் பின்னால் தெரிவதே இன்று விலைமதிப்பற்றது. மும்பையில் 2018 இறுதியில் தொடங்கிய கடற்கரைச் சாலைப் பணி, வொர்லி முதலிய இடங்களின் கரையோரத்தையே மாற்றிவிட்டது. 2024 மார்ச்சில் அச்சாலையின் முதற்பகுதி திறக்கப்பட்டது. அதற்கு முன் அந்தச் சுவரின்மேல் அமர்ந்து எடுத்த நம் குடும்பப் படங்களில் ஒரு பழைய கரை குடியிருக்கிறது.

1990 முதல் 2018 வரையிலான நிலைமையை ஆராய்ந்த மத்திய அரசின் கடற்கரை ஆய்வு மையம், இந்தியப் பெருநிலக் கரையில் 33.6 விழுக்காடு அரிக்கப்பட்டு வருவதாகக் கண்டது. தமிழகக் கரையில் மட்டும் அது 42.7 விழுக்காடு. விடுமுறைக்கு ஊர் சென்று, ஆண்டுதோறும் அதே கரையில், அதே மரத்தின் அருகே குழந்தைகளை நிறுத்திப் படம் எடுக்கும் குடும்பம், குழந்தைகள் வளர்வதையும் கரை தேய்வதையும் ஒருங்கே பதிவு செய்கிறது.

கரைக்குச் சொன்னது நம் சமூகத்துக்கும் பொருந்தும். பிழைப்பை நாடிப் பிற மாநிலத்துக்கு வந்த தமிழரின் வரலாறு அரசாங்க ஆவணக் களரிகளில் நிறைந்து கிடக்கவில்லை. முதல் பொங்கல் விழா எங்கே நடந்தது, பழைய குடியிருப்பு எவ்வாறு இருந்தது, நாடகத்தில் நடித்தவர் எவர் என்பனவெல்லாம் குடும்பங்களின் படங்களிலேயே உள்ளன. ஆனால் இன்று படங்கள் பெருகப் பெருக, படம் பார்த்தல் குறைந்துவிட்டது. பன்னிரண்டு படங்களைப் போற்றிய கை, பன்னீராயிரம் படங்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 1858இல் டிரைப் காகிதத்தில் அச்சிட்ட தஞ்சையை இன்றும் காணலாம். 2005இல் எடுத்து ஒரு தட்டில் பதிந்து வைத்த திருமணத்தைத் திறக்க இன்று கருவியில்லாத வீடுகள் உண்டு. கைப்பேசி பழுதடைந்தால் அதனோடு சில ஆண்டுகளே காணாமற் போய்விடுகின்றன. மிஞ்சிய படங்களிலும் பெயர் இல்லை. இருப்பவர் இருக்கும் வரையில் முகங்களுக்குப் பெயர் உண்டு. அதன்பின் அவையும் டிரைப்பின் தெருக்களைப் போல் ஆளற்றவை ஆகிவிடும்.

இதனைத் தடுப்பது அரிய காரியமன்று. ஆண்டுக்குப் பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொரு குடும்பமும் நல்ல தாளில் அச்சிடட்டும். பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதட்டும். மற்றவற்றை இரண்டு இடங்களில் படியெடுத்து வைக்கட்டும். காமிராவின் கடிகாரத்தைச் சரியாக வைத்தால், எடுத்த நாளும் நேரமும் படத்தோடு தாமே பதிந்துவிடும். மூத்தோர் இல்லங்களிலுள்ள பழைய ஆல்பங்களை இளைஞர்கள் ஒரு விடுமுறை நாளில் எடுத்துவைத்து, தாத்தா பாட்டி அருகிலமர்ந்து, இவர் எவர், இது எந்த இடம் என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அவ்வாறு எழுதப்பட்ட படங்களின் பிரதிகளை நம் சங்கம் ஒருங்கு சேர்த்து, அடுத்த ஆண்டு விழாவில் ஒரு கண்காட்சியாக வைக்குமாயின், நம் குழந்தைகள் தாங்கள் எங்கிருந்து வந்தோம் என்பதைக் கண்ணாலேயே கற்பர்.

கூடாரம் சுமந்தவர்களும், பெயரின்றி நின்றவர்களும், பன்னிரண்டு படங்களை எண்ணி எண்ணி எடுத்தவர்களும் கடந்து வந்த பாதையின் முடிவில் நாம் எளிதாகப் பொத்தானை அழுத்துகிறோம். கடற்கரைக்குச் செல்வோம், மகிழ்ந்து படம் எடுப்போம், எடுத்த படத்தின் பின்னே பெயரையும் எழுதி வைப்போம்.